இருப்புப்பாதைக்கு உரியவர் யார்?

நுழையும்முன்

தொடர்வண்டி இன்று நாட்டின் பொதுச்சொத்து. ஆனால், தமிழகத்தின் முதல் பயணிகள் தொடர்வண்டிப் பாதைகளைப் பதித்தது அரசு அன்று. கடல் கடந்து வாழ்ந்த பங்குதாரர்களின் பணத்தில் தோன்றிய தனியார் கம்பெனிகளே அவற்றை அமைத்தன. யாருடைய பணத்தில் பாதை அமைந்தது, யாருடைய உழைப்பில் அது ஓடியது, யாருக்கு அது பதில் சொல்லியது என்னும் வினாக்கள் வழியே ஓர் இருப்புப்பாதையின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வைகையின் வடகரை

மதுரை நகரில் வைகையின் வடகரையில் அமைந்துள்ள பகுதி செல்லூர். திருஞானசம்பந்தரின் பாடல்பெற்ற திருவாப்பனூர் என்னும் தலம் இங்குதான் உள்ளது. பெரிய கண்மாயும் வயல்களும் சூழ்ந்த ஊராக இருந்த செல்லூர், காலப்போக்கில் நெசவாளர் நிறைந்த நகர்ப்பகுதியாக மாறியது. தறியோசையும் சாயம் தோய்ந்த நூல் காயும் தெருக்களும் கபடி ஆட்டக்களமும் இப்பகுதியின் அடையாளங்கள். இங்குள்ள சாலை ஒன்றின் பெயர் ‘பாலம் ஸ்டேஷன் சாலை’. பாலத்தையும் நிலையத்தையும் ஒருசேரச் சுமக்கும் அப்பெயரைச் சொல்லித்தான் மக்கள் அன்றாடம் வழி கேட்கின்றனர்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை நோக்கி வரும் தொடர்வண்டிகள், சோழவந்தான், சமயநல்லூர், கூடல்நகர் நிலையங்களைக் கடந்து, செல்லூரை ஒட்டிச் சென்று, வைகைப் பாலத்தின்மீது ஏறி மதுரைச் சந்திப்பை அடைகின்றன. வடக்கிலிருந்து இவ்வழியே மதுரைக்குள் நுழையும் பயணியின் கண்ணில் முதலில் படுவது கோபுரம் மட்டுமன்று. உழைக்கும் மக்களின் நெருக்கமான குடியிருப்புகளும்தாம்.

இந்தப் பாதை 1875ஆம் ஆண்டு மதுரையை எட்டியது. அதற்கு முன்பு, மதுரைச் சமவெளியின் பருத்தியும் தானியமும் மாட்டுவண்டிகளிலேயே துறைமுகத்துக்குச் சென்றன. தூத்துக்குடிக்குச் சென்று திரும்புவது பல நாள் பயணம். வழியில் மழை பிடித்தால் கரிசல் மண்ணில் சக்கரம் புதைந்துவிடும். மாட்டுக்குத் தண்ணீர் இருக்கும் இடம் பார்த்துத்தான் வண்டியை அவிழ்க்க வேண்டும். 1876 சனவரி முதல் நாளில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தொடர்வண்டி ஓடத் தொடங்கியபோது, பல நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது.

கம்பெனியும் உறுதிவட்டியும்

இப்பாதையை இயக்கியது தென்னிந்திய இரயில்வே கம்பெனி. இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்ட ‘கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா’ என்னும் கம்பெனி, நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு 1862இல் பாதை அமைத்து முடித்தது. பின்னர் அது கர்நாடிக் இரயில்வே கம்பெனியுடன் இணைந்து, 1874இல் தென்னிந்திய இரயில்வே கம்பெனி ஆயிற்று. காலப்போக்கில் மீட்டர்பாதையே அதன் அடையாளமானது. திருச்சிராப்பள்ளி, மதுரை, தூத்துக்குடி, திருநெல்வேலி, மண்டபம், செங்கோட்டை எனத் தமிழகத்தின் தென்பகுதி முழுவதும் அதன் தண்டவாளங்கள் பரவின.

அக்காலத்து இரயில்வே கம்பெனிகள் பெற்றிருந்த ஒரு சலுகையை அறிந்தால்தான் அவற்றின் போக்கு விளங்கும். பாதைக்கு வேண்டிய நிலத்தை அரசு இலவசமாக வழங்கியது. அத்துடன், முதலீட்டுக்கு ஆண்டுதோறும் 5 விழுக்காடு வட்டி கிடைக்கும் என்றும் உறுதியளித்தது. இரயில்வேயின் வருமானம் அந்த அளவை எட்டாவிட்டால், குறைந்த தொகையை இந்திய அரசின் கருவூலம் ஈடுசெய்யும். கருவூலத்துக்குப் பணம் வந்த வழி, உழவர் செலுத்திய நிலவரியும் ஏழை எளியோரும் செலுத்திய உப்புவரியும் ஆகும். ஆகவே, வண்டி நிரம்பி ஓடினாலும் காலியாக ஓடினாலும் இலண்டனில் இருந்த பங்குதாரருக்குக் கவலையில்லை. நட்டம் வந்தால் அதைச் சுமந்தவர், அந்த வண்டியில் ஒருமுறைகூட ஏறியிராத உழவராகவும் இருக்கலாம்.

இம்முறையின் குறையை ஆங்கிலேய ஆட்சியைச் சேர்ந்தவர்களே உணர்ந்திருந்தனர். இந்திய அரசின் நிதிப்பொறுப்பை வகித்த வில்லியம் மாஸி, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின்முன் இதுகுறித்துச் சாட்சியம் அளித்தார். வட்டி உறுதியாகக் கிடைக்கும்வரை, தாம் தந்த பணம் கட்டடமாக எழுகிறதா, ஆற்றில் கொட்டப்படுகிறதா என்பது முதலீட்டாளருக்கு ஒன்றுதான் என்பது அவர் கூற்றின் சாரம். சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்னும் தேவையோ, பயணியின் மனநிறைவைப் பெற வேண்டும் என்னும் தேவையோ கம்பெனிக்கு எழவில்லை.

பஞ்சமும் பாதையும்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் பாதை திறக்கப்பட்ட அதே 1876ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் தாக்கியது. மக்கள் அதனைத் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று அழைத்தனர். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். துறைமுகங்களில் இறக்குமதியான தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தவை தொடர்வண்டிகளே. அவ்வகையில் அவை உயிர்காத்தன என்பதில் ஐயமில்லை. அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டும் இருந்தது. பாதைக்கு அருகிருந்த சந்தைகளிலும் விலை ஏறியது. கூலிவேலையும் இல்லாமல் கையில் காசும் இல்லாமல் நின்றவர்கள், தம் கண்ணெதிரே தானிய மூட்டைகள் செல்வதைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடந்தனர்.

தண்டவாளம் தானியத்தை இரு திசைகளிலும் கொண்டு செல்லும். எந்தத் திசையில் கொண்டு செல்வது என்பதை முடிவு செய்தவை அன்றைய வணிகமும் அரசின் கொள்கையுமே. பாதை இருந்தால் பஞ்சம் தீரும் என்ற நம்பிக்கை, அந்த ஆண்டுகளில் பாதியளவே மெய்யாயிற்று.

மூன்றாம் வகுப்பு

கம்பெனியின் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பில் சென்றவர்களே. திருவிழாவுக்குச் சென்ற உழவர், சந்தைக்குச் சென்ற வணிகர், வேலை தேடிச் சென்ற கூலித்தொழிலாளர் ஆகியோர் தந்த சிறு கட்டணங்களே பயணிகள் வருவாயின் பெரும்பகுதி. எனினும், நெரிசலும் தூய்மைக்குறைவும் அவர்களுக்கு. மெத்தை இருக்கையும் மின்விசிறியும் முதல் வகுப்பினருக்கு. இந்த அவலத்தைத் தாமே மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து கண்ட காந்தியடிகள், 1917இல் அதைப் பற்றி விரிவாக எழுதி நாட்டின் கவனத்தை ஈர்த்தார்.

தமிழக வரலாற்றில் நிலைபெற்ற ஒரு நிகழ்விலும் இந்த இருப்புப்பாதைக்குப் பங்குண்டு. 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்குத் தொடர்வண்டியில் வந்தபோது, காந்தியடிகள் தம்முடன் பயணித்தவர்களிடம் கதர் அணியுமாறு வேண்டினார். கதர் வாங்கும் அளவுக்குத் தங்களிடம் வசதியில்லை என்று அவர்கள் தலையசைத்தனர். தாம் அணிந்திருந்த முழு உடை அந்த விடையின்முன் அவருக்கு உறுத்தலாயிற்று. செப்டம்பர் 22ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டிலிருந்து அரையாடையுடன் அவர் வெளிவந்தார். அந்நியக் கம்பெனி ஒன்றின் பெட்டியில், முகமறியாப் பயணிகள் சொன்ன ஒரு விடை, ஒரு தலைவரின் தோற்றத்தையே மாற்றியது. நெசவாளர் வாழும் நகரம் ஒன்றில் அம்மாற்றம் நிகழ்ந்தது பொருத்தமே.

உழைத்தவரின் குரல்

வண்டியை ஓட்டியவர், நிலக்கரி அள்ளிப்போட்டவர், கைகாட்டி மரத்தை இயக்கியவர், பணிமனையில் இரும்பை உருக்கியவர் ஆகிய பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர்களின் தோளில்தான் கம்பெனி நின்றது. உயர்பதவிகளோ பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியனவாக இருந்தன. 1920களில் கம்பெனி தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றியது. அதையொட்டி ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர்களும் தம் திறனைத் தேர்வில் மெய்ப்பிக்க வேண்டும் என்று கூறப்பட்டது.

இதனை எதிர்த்து 1928 சூலையில் தென்னிந்திய இரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் அவர்களுக்குத் துணைநின்றனர். ஏறத்தாழப் பத்து நாள்கள் நீடித்த அப்போராட்டத்தை அரசு கடுமையாக அடக்கியது. சிங்காரவேலர் கைதாகிச் சிறைத்தண்டனை பெற்றார். தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். போராட்டம் தோற்றதுபோலத் தோன்றினாலும், இரயில்வே என்பது பங்குப்பத்திரம் வைத்திருப்பவரின் உடைமை மட்டுமன்று என்னும் கருத்தை அது நாடறியச் செய்தது.

ஊர்ப்பணத்தில் ஓர் இரயில்

கம்பெனிக்கு மாற்று வழி இல்லாமலும் இல்லை. காவிரிப் படுகையில் அப்படி ஒரு முயற்சி நடந்தது. ஜில்லா போர்டு எனப்பட்ட தஞ்சாவூர் மாவட்டக் கழகம், நிலவரியுடன் சேர்த்து ஒரு சிறு தீர்வையை வசூலித்து, அப்பணத்தைக் கொண்டு தனக்கென ஓர் இருப்புப்பாதையை அமைத்தது. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894இல் அப்பாதை திறக்கப்பட்டது. வண்டிகளை இயக்கியது தென்னிந்திய இரயில்வே கம்பெனியே ஆயினும், பாதை மாவட்டத்து மக்களின் உடைமை. பின்னர் அது பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நீண்டது. இம்முறையைப் பிற மாவட்டங்களும் பின்பற்றின. 1923இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி – திருச்செந்தூர் பாதையும் மாவட்டக் கழகத்தின் முயற்சியால் உருவானதே.

நிலவரி செலுத்திய உழவர், பிறருடைய வட்டிக்கு ஈடுசெய்வதற்கும் தம் ஊருக்குப் பாதை அமைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நன்கு அறிந்திருப்பார். முன்னதில் அவர் பணம் கடல் கடந்து சென்றது. பின்னதில் அது அவர் வயலின் ஓரத்தில் தண்டவாளமாகக் கிடந்தது.

தெரிந்து தெளிவோம்

திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், திசையன்விளை ஆகிய ஊர்களை இணைத்து, 2 அடி அகலம் கொண்ட குறும்பாதையில் தனியார் தொடர்வண்டி ஒன்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓடியது. குலசேகரன்பட்டினத்தில் இருந்த சர்க்கரை ஆலையைச் சார்ந்து உருவான அந்த இரயில்வே 1940இல் மூடப்பட்டது. தேரி நிலத்துப் பனைகளிலிருந்து கிடைத்த கருப்பட்டியே அவ்வாலையின் மூலப்பொருள். ஆலை நலிந்ததும் வண்டியும் நின்றது.

மறைந்து மீண்ட போடிப் பாதை

மதுரையிலிருந்து மேற்கே பிரிந்து, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை செல்லும் 90 கிலோமீட்டர் பாதை 1928இல் திறக்கப்பட்டது. மேற்குத்தொடர்ச்சி மலையின் ஏலக்காய், காப்பி, தேயிலை ஆகியவற்றைச் சமவெளிக்குக் கொண்டுவருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. இரண்டாம் உலகப்போர் வந்தபோது, போர்த்தேவைக்கு இரும்பு வேண்டும் என்று இப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. கிளைப்பாதைதானே என்று எண்ணியவர்கள் தொலைவில் இருந்தனர். சந்தைக்குச் செல்லும் வழியை இழந்தவர்கள் அப்பாதையின் ஓரத்தில் இருந்தனர்.

விடுதலைக்குப் பின், 1950களில் பாதை மீண்டும் அமைக்கப்பட்டது. அதற்குள் உரிமையும் மாறியிருந்தது. 1944இல் தென்னிந்திய இரயில்வேயின் நிருவாகத்தை அரசு ஏற்றது. 1951 ஏப்ரல் 14இல் அது வேறு இரு இரயில்வேக்களுடன் இணைந்து ‘தெற்கு இரயில்வே’ ஆயிற்று. பங்குதாரருக்கு உரியதாக இருந்தது குடிமக்களுக்கு உரியதாயிற்று.

ஆனால், போடிப் பாதையின் சோதனை அத்துடன் முடியவில்லை. மீட்டர்பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. பணி முடிந்து தேனிக்கு வண்டி வந்தது 2022 மே மாதம். போடிநாயக்கனூரை எட்டியது 2023 சூன் மாதம். அவ்விடைப்பட்ட காலத்தில் ஒரு குழந்தை பிறந்து உயர்நிலைப்பள்ளிக்கே சென்றிருக்கும். உடைமை மக்களுடையதாக மாறினாலும், சிறு பாதையின் முறை வருவதற்கு மக்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

சப்பானின் சிறு இரயில்வேக்கள்

தனியார் இரயில்வே என்றாலே மக்களுக்கு அயலானது என்று முடிவுகட்டிவிட இயலாது. சப்பான் நாட்டு அனுபவம் வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. ஒசாகா நகருக்கு அருகே 1910இல் தொடங்கப்பட்ட ஒரு மின்தொடர்வண்டிக் கம்பெனியின் பாதை, மக்கள் மிகுதியாக வாழாத சிற்றூர்கள் வழியே சென்றது. வருமானத்துக்கு உறுதியளிப்பார் யாருமில்லை. அதனை நடத்திய கோபயாசி இச்சிசோ, பாதையை ஒட்டி நிலம் வாங்கி வீடுகள் கட்டித் தவணை முறையில் விற்றார். பாதை முடியும் தக்கராசுக்காவில் நாடகக்குழு ஒன்றைத் தோற்றுவித்தார். வீடு வாங்கியவர் காலையில் நகருக்குச் சென்றனர். நகரத்தார் விடுமுறையில் நாடகம் காண வந்தனர். ‘ஆங்கியூ’ என இன்று அறியப்படும் அக்கம்பெனி, பயணி இல்லையேல் தான் இல்லை என்பதை அறிந்திருந்தது.

சோசி நகரின் மின்தொடர்வண்டிக் கம்பெனி மிகச் சிறியது. அதன் பாதையின் நீளம் 6.4 கிலோமீட்டர் மட்டுமே. 2006இல் வண்டிகளைப் பழுதுபார்க்கக்கூடப் பணமின்றி அது தவித்தது. அப்போது, தான் தயாரித்து விற்றுவந்த அரிசித் தின்பண்டத்தை வாங்கி உதவுமாறு பொதுமக்களிடம் வேண்டியது. நாடெங்கும் இருந்து மக்கள் வாங்கினர்; வண்டி நிற்கவில்லை.

இவத்தே மாநிலத்தின் கடலோரத்தில் ஓடும் சன்ரிக்கு இரயில்வே, தஞ்சாவூர் மாவட்டக் கழகத்தின் முயற்சியை நினைவூட்டுவது. தேசிய இரயில்வே கைவிட இருந்த பாதைகளை மாநிலமும் ஊராட்சிகளும் தனியாரும் பங்குசேர்ந்து ஏற்று, 1984 முதல் நடத்தி வருகின்றனர். 2011 மார்ச் 11இல் ஆழிப்பேரலை தாக்கியபோது பாலங்களும் நிலையங்களும் அடித்துச் செல்லப்பட்டன. ஆயினும், ஐந்தே நாள்களில் சேதமின்றித் தப்பிய ஒரு சிறு பகுதியில் அந்த இரயில்வே வண்டியை ஓடவிட்டது. வீடிழந்தவர்களிடம் கட்டணம் பெறவில்லை. முழுப்பாதையும் 2014இல் சீரானது. அந்த நாள்களில் வண்டியின் ஊதலொலி, ஊர் இன்னும் இருக்கிறது என்று மக்களுக்கு அறிவித்த ஒலியாக இருந்திருக்கும்.

கணக்கும் கடமையும்

இவ்வரலாறுகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. உடைமையாளர் தனியாரா, அரசா என்பது மட்டுமே ஓர் இருப்புப்பாதையின் இயல்பை முடிவு செய்வதில்லை. அதை நடத்துவோர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளனர் என்பதே முதன்மையானது. தென்னிந்திய இரயில்வே கம்பெனி இலண்டனுக்குப் பதில் சொன்னது; அதனால் மூன்றாம் வகுப்புப் பயணியின் துன்பம் அதற்குக் கேட்கவில்லை. சன்ரிக்கு தன் கடலோர ஊர்களுக்குப் பதில் சொன்னது. அதனால் ஐந்து நாள்களில் வண்டியை ஓட்டியது.

சிறு பாதையின் வரவு செலவைக் கணக்கிடுவோர், விற்ற பயணச்சீட்டுகளை மட்டுமே எண்ணுகின்றனர். அந்த வண்டியால் கல்லூரிக்குச் சென்ற மாணவியின் படிப்பு அக்கணக்கில் வருவதில்லை. மருத்துவமனைக்கு நேரத்தில் சென்ற முதியவரின் உயிரும், விளைபொருள் வாடுமுன் சந்தையை அடைந்த உழவரின் நிம்மதியும் அதில் வருவதில்லை. அவற்றையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமை பெறும். அவ்வாறு சேர்க்கச் சொல்லும் உரிமை, இன்று இருப்புப்பாதைக்கு உரியவர்களான குடிமக்களுக்கே உண்டு.

ஒரு காலத்தில் செல்லூர் நெசவாளரும் உசிலம்பட்டி உழவரும் கம்பெனியின் வண்டிக்குக் கட்டணம் செலுத்தியவர்கள் மட்டுமே. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் அதன் உடைமையாளர்கள். நிலையத்தைத் தூய்மையாக வைத்திருப்பது, சீட்டுப் பெற்றே பயணம் செய்வது, நிறுத்தப்பட்ட வண்டிக்காகக் குரல் கொடுப்பது ஆகிய யாவும் தம் சொந்தப் பொருளைப் பேணுவோர் செய்யும் செயல்களே. உரிமை கைக்கு வந்துவிட்டது. அதைப் பேணும் பொறுப்பு அடுத்த தலைமுறையின் கையில் உள்ளது.